கடைசி வண்டியில் வரும் கம்பு

போன வருஷம் ஆனி மாதம், ஒரு மதியம். பாளையங்கோட்டையை விட்டு நடந்து வந்துகொண்டிருந்தேன். வண்ணார்பேட்டையைத் தாண்டி ஆற்றுப் பாலத்துக்கு வந்தாயிற்று. தோளில் ஒரு பை. அதற்குள் ஒரு வேட்டி, ஒரு போர்வை, ஒரு தட்டு. எங்கே போகிறாய் என்று யாராவது கேட்டிருந்தால் எனக்குச் சொல்லத் தெரிந்திருக்காது. ஜங்ஷனுக்குப் போய், பாபநாசம் பஸ்ஸோ தென்காசி பஸ்ஸோ, எது முதலில் கிளம்புகிறதோ அதில் ஏறிவிடலாம் என்று எண்ணம்.

வேலையை விட்டுவிட்டு வந்திருந்தேன். யாரிடமும் சொல்லவில்லை. சொல்லிக்கொண்டு போகிற பழக்கம் எனக்குக் கிடையாது. ஆழ்வார்குறிச்சியில் எட்டாம் வகுப்பு படிக்கும்போது, கணக்கு வகுப்பின் நடுவே தண்ணீர் குடிக்க எழுந்து வந்தவன் திரும்பிப் போகவில்லை. அதன் பிறகு எல்லாமே அப்படித்தான். களக்காட்டில் வாழைத்தார் ஏற்றினேன். புன்னக்காயலில் மீனுக்கு ஐஸ் உடைத்தேன். செங்கல் சூளை, கல்யாண மண்டபம், மாவு மில். யாரோடும் சண்டை போட்டு வந்ததில்லை. ஒரு நாள் காற்று மாறி அடிக்கும், கால் கிளம்பிவிடும். அவ்வளவுதான்.

அன்றும் காற்றுதான். குற்றாலத்தில் சாரல் விழ ஆரம்பித்துவிட்டால் திருநெல்வேலி வெயிலுக்குள்ளும் ஒரு ஈரக்காற்று வந்து போகும். பாலத்தில் நின்று மேற்கே பார்த்தேன். மலையைக் காணோம். மேகம்தான் இருந்தது. கீழே தாமிரபரணி மண் கலந்த நிறத்தில் பைய நகர்ந்துகொண்டிருந்தது. துணி துவைக்கிற சத்தம், கல்லில் அடித்த பிறகு கொஞ்சம் தாமதமாக மேலே வந்து சேர்ந்தது. எனக்கு அப்படி நிற்பது பிடிக்கும். விட்டு வந்த இடமும் இல்லை, போய்ச் சேர்கிற இடமும் இல்லை.

ஆற்றில் குளித்துவிட்டு ஈரத் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு இரண்டு பேர் ஏறி வந்தார்கள். என்னைத் தாண்டிப் போன பிறகு ஒருவர் நின்று திரும்பினார்.

“ஏ அண்ணாச்சி, முதுகுல என்னது? அருவாளா?”

“பாத்துலே, கோவத்துல நிக்காரு போல,” என்றார் மற்றவர்.

“செவப்புத் துணில்லா சுத்தி வச்சிருக்காரு. சாமியாடியா இருக்கும் வே.”

சிரித்துக்கொண்டே போய்விட்டார்கள். நான் கழுத்துக்குப் பின்னால் கையை விட்டேன். சட்டைக்குள், முதுகோடு ஒட்டி ஒரு கம்பு இருந்தது. உருவி எடுத்தேன். கொடுத்துவிட்டு வந்திருக்க வேண்டிய கம்பு.

அந்தக் கம்பு என்ன என்று சொன்னால்தான் மற்றது புரியும்.

நான் விட்டு வந்தது பாளையங்கோட்டையில் ஒரு சிறிய சாலை. பெரிய பைபாஸையும் கடைத்தெருவையும் சேர்க்கிற சாலை. இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு அரைக் கிலோமீட்டர்கூட வராது. ஆனால் அந்தப் பகுதிக்கு அதுதான் எல்லாம். பள்ளிக்கூட வேன், மினி பஸ், ஷேர் ஆட்டோ, கேஸ் சிலிண்டர் வண்டி, ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள், ரேஷன் கடைக்குப் போகிறவர்கள், எல்லாரும் அதன் வழியாகத்தான் போக வேண்டும். நடுவில் ஒரு மருத மரம். மரத்தை வெட்ட மனமில்லாமல் யாரோ அந்தக் காலத்தில் சாலையை வளைத்திருக்கிறார்கள். அதனால் இந்த முனையில் நிற்கிறவனுக்கு அந்த முனை தெரியாது.

பாதாளச் சாக்கடைக்காக அந்தச் சாலையைத் தோண்டியிருந்தார்கள். பாதி அகலம் குழி, அதை ஒட்டி மண்மேடு. மிச்சம் இருந்தது ஒரு வண்டி போகிற இடம். பைபாஸ் முனையில் கொடி பிடிக்க என்னை வைத்தார்கள். கடைத்தெரு முனையில் ஓர் அக்காவை வைத்திருந்தார்கள். என் பக்கத்து வண்டிகள் போகும்போது அந்தப் பக்கம் நிற்க வேண்டும், அந்தப் பக்கத்து வண்டிகள் வரும்போது என் பக்கம் நிற்க வேண்டும். கேட்கச் சுலபமான வேலை.

ஆரம்பத்தில் வாய்ச்சொல்லாகத்தான் நடந்தது. கடைசியாகப் போகிறவரிடம், “நீங்கதான் கடைசின்னு அங்கன சொல்லிருங்க” என்று சொல்லி அனுப்புவேன். அவரும் சொல்லுவார். ஆனால் அவருக்குப் பின்னாலேயே இன்னொருவர் நைசாக நுழைந்து வந்துவிடுவார். ஒரு நாள் அப்படி நுழைந்த ஒரு வேனும், எதிரே வந்த ஸ்கூட்டரும் மருத மரத்தடியில் முட்டிக்கொள்ளப் பார்த்தன. ஸ்கூட்டரில் வந்தவர் அதே சாலையில் குடியிருக்கிற டீச்சர். ஒதுங்கப் போய்க் குழியில் விழுந்து மணிக்கட்டு முறிந்தது. நல்லவேளை, அதோடு போயிற்று.

மேஸ்திரி வந்து குதித்தார். எங்கள் வேலைக்கு மேலாள் அவர்தான். கத்தியது என்னிடம், சொன்னது அந்த அக்காவைப் பற்றி. “அந்தம்மாதான வண்டிய விட்டது? இன்னொரு தடவ இங்கன முட்டிச்சோ, ரோடு அடச்சுதோ, அந்தம்மாவ மறுபடி சட்டி தூக்க அனுப்பிருவேன். ஆமா.”

சட்டி தூக்குவது என்றால் குழியிலிருந்து மண்ணை இரும்புச் சட்டியில் சுமந்து மேலே கொட்டுவது. அந்த அக்கா முன்பு அந்த வேலைதான் செய்திருக்கிறார். வயிற்றில் ஆபரேஷன் ஆன பிறகு கனம் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதனால்தான் கொடி. கொடி போனால் சட்டி, சட்டி முடியாது, ஆகவே வேலையே இல்லை. வீட்டில் வேறு ஆளும் இல்லை. இதையெல்லாம் எனக்குச் சொன்னது ஷேர் ஆட்டோக்காரர்கள்தான்.

அந்த விபத்துக்கு மறுநாள் கடைத்தெருப் பக்கமிருந்து வந்த கடைசி வண்டிக்காரர் என் கையில் ஒரு கம்பைக் கொடுத்தார். முழங்கை நீளம், கொய்யாக் கம்பு, நுனியில் சிவப்புத் துணி சுற்றியிருந்தது. “இது கையில இருந்தாத்தான் உங்க பக்கம் தொறக்கணுமாம். ஒங்க கடைசி வண்டியில இத குடுத்து விடணுமாம். கம்பு வராம அவங்க தொறக்க மாட்டாங்களாம்,” என்றார். அந்த அக்காவின் அப்பா ரயில்வேயில் வேலை பார்த்தவராம். ஒற்றைத் தண்டவாளத்தில் எதிரெதிரே ரயில் வராமலிருக்க, டிரைவர் ஸ்டேஷனில் ஒரு வளையத்தை வாங்கிக்கொண்டுதான் போவார் அல்லவா, அந்த யோசனை.

போன் இல்லையா என்று கேட்பீர்கள். என் போன் புன்னக்காயலில் ஐஸ் பெட்டிக்குள் விழுந்து செத்துப்போனது. அந்த அக்கா போனை நம்பவில்லை. கம்பை நம்பினார்.

அதன் பிறகு ஒரு வண்டியும் முட்டவில்லை. கம்பு மட்டும் போய் வந்துகொண்டிருந்தது. டீச்சர் கட்டுப்போட்ட கையோடு ஆட்டோவில் வந்து கம்பை வாங்கிப் போவார். பால்காரர் கேனுக்கு நடுவில் செருகிக்கொண்டு போவார். யாரோ ஒருவர், நான்தான் இன்றைக்குக் கடைசி என்று பெருமையாக வாங்கிக்கொள்வார். அப்புறம் கம்போடு ஏதாவது சேர்ந்து வர ஆரம்பித்தது. முதலில் ஒரு பொட்டலத்தில் நாவற்பழம். பிறகு ஒரு நாள் முறுக்கு. ஒரு நாள் வாழையிலையில் மடித்த புளியோதரை. நான் பதிலுக்குப் பக்கத்துக் கடையிலிருந்து கடலை மிட்டாய் கட்டி அனுப்பினேன். ஒரு தடவை மீன்கொத்தியின் நீல இறகு கிடைத்தது, அதையும் அனுப்பினேன்.

நாற்பது நாள் அந்த வேலை பார்த்தேன். ஒரு நாள்கூட நான் அந்த முனைக்குப் போகவில்லை. அவரும் இந்த முனைக்கு வந்ததில்லை. வேலை முடிந்தால் அவர் அங்கேயே பஸ் ஏறிவிடுவார். நான் என் பக்கத்தில் இறக்கி வைத்திருந்த பெரிய சிமெண்ட் குழாய்களில் ஒன்றுக்குள் படுத்துக்கொள்வேன். குழாய்க்குள் படுத்தால் மழை படாது, காற்று மட்டும் இந்த வாயிலிருந்து அந்த வாய்க்குப் போகும். நல்ல இடம்தான்.

அந்த அக்கா எப்படி இருப்பார் என்று வண்டிக்காரர்களிடம் கேட்பேன். ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். நல்ல உயரம், போலீஸ் மாதிரி என்றார் ஒருவர். குட்டையாக இருப்பார், எப்போதும் சிரித்த முகம் என்றார் இன்னொருவர். சிரித்தே பார்த்ததில்லை என்றார் மினி பஸ் கண்டக்டர். அதனால் எனக்கு அந்தப் பக்கத்தில் நாலைந்து அக்காக்கள் இருந்தார்கள். வெயிலில் நிற்கும்போது ஒவ்வொருவராக நினைத்துக்கொள்வேன். எழுந்து அரைக் கிலோமீட்டர் நடந்தால் பார்த்துவிடலாம். ஆனால் ஓர் இடத்தை முழுவதும் பார்த்துவிட்டால் எனக்கு அங்கே கால் தங்காது. அதனால் அந்தப் பாதிச் சாலையைப் பார்க்காமலே மிச்சம் வைத்திருந்தேன். பார்க்காமலே கால் கிளம்பிவிட்டது என்பதுதான் கதை.

அன்றைக்குப் பன்னிரண்டரை மணிக்குக் கம்பு என் பக்கம் வந்தது. வாங்கினேன். கையில் என்ன வாங்கினோம் என்று பார்க்கவில்லை, மனசு அங்கே இல்லை. வழக்கம்போல் சட்டைக் காலருக்குள், முதுகுப் பக்கம் செருகிக்கொண்டேன். இரண்டு கையும் கொடிக்கு வேண்டும் என்பதால் அதுதான் கம்புக்கு இடம். ஊரில் விறகு வெட்டப் போகிறவர்கள் அரிவாளை அப்படித்தான் செருகியிருப்பார்கள், கண்டு பழகியது. பிறகு பக்கத்தில் பஞ்சர் கடை வைத்திருந்த அண்ணாச்சியிடம் கொடியைக் கொடுத்தேன். தினமும் மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவர்தான் அரைமணி நேரம் பார்த்துக்கொள்வார்.

“பாத்துக்கிடுங்க அண்ணாச்சி,” என்றேன்.

“சாப்பிட்டுட்டுப் பைய வாரும்,” என்றார்.

குழாய்க்குள் இருந்த பையை எடுத்துக்கொண்டு நடந்தேன். அவ்வளவுதான் நடந்தது.

இப்போது பாலத்தின் மேல் கம்பு என் கையில் இருக்கிறது. கம்பின் துணியில் ஒரு சின்னக் காகிதப் பொட்டலம் கட்டியிருந்தது. பிரித்தேன். உள்ளே ஊசி. ஊசியில் நூல் கோத்தே இருந்தது. நீல நூல்.

என் சட்டை தோள்பட்டையில் கிழிந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. நீலச் சட்டை. யாரோ ஒரு வண்டிக்காரர் அங்கே போய்ச் சொல்லியிருக்க வேண்டும். அவர் கலரையும் கேட்டிருக்க வேண்டும்.

அந்த ஊசியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். ஆற்றைப் பார்த்தேனா, நூலைப் பார்த்தேனா என்று சொல்ல முடியாது. அந்தச் சாலை எப்படி இருக்கும் என்பது மட்டும் தெளிவாகத் தெரிந்தது. அண்ணாச்சி கம்பைத் தேடுவார், இருக்காது. அந்த அக்கா கம்பு வராமல் திறக்க மாட்டார். கத்துகிறவர்களுக்குப் பயந்து திறந்தால் முட்டும். திறக்காவிட்டால் அடைக்கும். எது நடந்தாலும் மேஸ்திரி சொன்னது அவருக்குத்தான் நடக்கும்.

வாழையிலைக் கட்டு ஏற்றிய ஒரு மொபெட் பாளையங்கோட்டைப் பக்கமாகப் போயிற்று. கையைக் காட்டி நிறுத்தினேன். சாலையைச் சொன்னேன்.

“அங்கனயா? இப்பதான் போன் வந்துது. ரெண்டு பக்கமும் வண்டி அசையலையாம். கம்பு காணாமப் போச்சாம்லா,” என்றவர் என் கையைப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். “ஏறும்,” என்றார். இலைக்கட்டின் மேல் உட்கார்ந்தேன். பாதி வழியில், “நானும் ரெண்டு மட்டம் அந்தக் கம்ப கொண்டு போயிருக்கேன் வே,” என்றார். அது திட்டியதைவிட மோசமாக இருந்தது.

பைபாஸ் முனையில் வண்டிகள் திரும்ப வழியில்லாமல் நின்றன. பஞ்சர் கடை அண்ணாச்சி ஒரு லாரி டயரைச் சாலைக்குக் குறுக்கே உருட்டிப் போட்டு அதன் மேலேயே உட்கார்ந்திருந்தார். சுற்றி ஏழெட்டுப் பேர் நின்று அவரைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். என்னைக் கண்டதும் எழுந்தார்.

“எங்க வே போனீரு? எல வாங்கவா?”

நான் கம்பைக் காட்டினேன். பையும் தோளில் தொங்கியது. அவர் பையைப் பார்த்துப் புரிந்துகொண்டார்.

“கடைசி வண்டிக்காரன்கிட்ட சொல்லிவிட்டேன், கம்பக் காணோம், நீங்க வண்டிய விடுங்கன்னு. அந்தம்மா மாட்டேன்னுட்டு. அதான் நானும் இங்கன அடச்சிட்டேன். உள்ள ஒரு வண்டி கெடையாது.” பிறகு குரலைத் தணித்தார். “மேஸ்திரி அந்தப் பக்கம் போயிட்டாராம். ஓடும்.”

டயரைத் தாண்டி உள்ளே போனேன். ஓடத்தான் போனேன். பத்து அடியில் கால் தானாக நின்றுவிட்டது.

சாலை காலியாக இருந்தது. நாற்பது நாளும் ஒரு நிமிடம்கூடச் சும்மா இருக்காத சாலை. இரண்டு முனையிலும் ஹாரன் அலறுகிறது, நடுவில் ஒன்றுமே இல்லை. உள்ளே போகப் போக அந்தச் சத்தமும் தூரத்துத் திருவிழாச் சத்தம்போல் மங்கிக்கொண்டே வந்தது. குழியில் வேலை செய்கிறவர்கள் நிழலில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு நாய் சாலையின் நட்டநடுவில் நான்கு காலையும் நீட்டிப் படுத்திருந்தது. மாவு மில் வாசலில் வெள்ளையாகப் பொடி பறந்தது, இறங்க அவசரமில்லாமல் இறங்கியது. சர்ச்சுக்குள் யாரோ ஒரே பாட்டின் ஒரே அடியை ஆர்மோனியத்தில் திரும்பத் திரும்ப வாசித்துப் பார்த்தார்கள். இவ்வளவு நாளும் இந்தச் சத்தங்கள் எல்லாம் இங்கேதான் இருந்திருக்கின்றன.

ஒரு வீட்டு வாசலில் ரிட்டையர் ஆன கிளார்க் ஒருவர் நாற்காலியைத் தூக்கிவந்து சாலையிலேயே போட்டுப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அவரைத் தெரியும், காலையில் பென்ஷன் பேச்சு பேசிக்கொண்டு என் முனையில் டீ குடிப்பார்.

“இந்த வீட்டுக்கு வந்த நாள்லேருந்து இன்னைக்குத்தான் வே இங்கன உக்கார முடியுது,” என்றார். “எதுக்கு ஓடுதீரு? பையப் போம்.”

“அந்த அக்கா நிக்காங்க சார்,” என்றேன்.

அவர் என் கையிலிருந்த கம்பைப் பார்த்தார். எழுந்து நாற்காலியை மடக்கினார்.

மருத மரத்துக்கு வந்துவிட்டேன். கீழே முழுக்கப் பூ உதிர்ந்து கிடந்தது, பொடிப்பொடியாக, வெளிர் மஞ்சளில். அந்த வளைவுக்கு அப்பால் நான் போனதே இல்லை. திரும்பினேன். அங்கே ஒரு சுற்றுச்சுவர் வீடு. சுவருக்கு மேல் ஒரு பெரிய நாவல் மரம் சாலைக்குள் எட்டிப் பார்த்தது. கேட்டில் கட்டுப்போட்ட கையோடு டீச்சர் நின்றார்.

“நாவப்பழம் வந்து சேந்துதா?” என்று கேட்டார்.

எனக்குப் புரிய ஒரு நிமிடம் ஆயிற்று. நாவற்பழத்தை அனுப்பியது அந்த அக்கா இல்லை. வழியில் வண்டியை நிறுத்திக் கம்போடு கட்டி அனுப்பியது டீச்சர். அவர் விழுந்ததால்தானே கம்பு வந்தது. அடுத்த வீட்டு மாடியிலிருந்து ஓர் அம்மாள், “முறுக்கு ரொம்பக் கட்டியா இருந்துச்சோ?” என்றார். எதிர் வீட்டிலும் யாரோ எட்டிப் பார்த்தார்கள். புளியோதரை எந்த வீடு என்று நான் கேட்கவில்லை. ஒருவரோடு பேசிக்கொண்டிருக்கிறேன் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். கம்பு போய் வந்த வழியில் இருந்தவர்கள் எல்லாரும் என்னோடு பேசிக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள். பதிலுக்கு நான் அனுப்பிய கடலை மிட்டாய் யார் யாருக்குப் போயிற்றோ. அந்த மாடி அம்மாளின் கொண்டையில் நீலமாக ஏதோ இருந்தது. இறகுதான் என்று சத்தியம் செய்ய மாட்டேன். நின்று பார்க்க நேரமில்லை.

கடைத்தெரு முனை வந்தது. அங்கேதான் கூச்சல் அதிகம். ஒரு மினி பஸ் மூக்கை உள்ளே விட்டு நின்றது. அதன் முன்னால் முழங்கால் வரை தொங்குகிற ஆரஞ்சு மேலங்கி போட்டுக்கொண்டு, தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு ஒரு ஒல்லியான பெண் நின்றார். கொடியைப் பிடித்த கையை நீட்டியபடியே இருந்தார். உயரமும் இல்லை, குட்டையும் இல்லை. என்னிடம் இருந்த நாலைந்து அக்காக்களில் யாரும் இல்லை.

“ஏம்மா, ரோடு காலியாத்தான கெடக்கு?” என்று கார்க்காரர் ஒருவர் கேட்டார்.

“வளைவுக்கு அந்தப் பக்கம் உங்களுக்குத் தெரியுதா? எனக்குத் தெரியல,” என்றார் அந்த அக்கா.

“அங்கேருந்து ஆளு சொல்லி விட்டிருக்காம்லா.”

“டீச்சர் விழுந்த அன்னைக்கும் சொல்லத்தான் செஞ்சாவ.”

மேஸ்திரி அப்போதுதான் பைக்கை நிறுத்திவிட்டு, கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். நான் பின்னாலிருந்து போய்க் கம்பை நீட்டினேன். அந்த அக்கா திரும்பினார். என் முகத்தைப் பார்க்கவில்லை. தோள்பட்டையைப் பார்த்தார்.

“இன்னும் தைக்கலையா தம்பி?”

அதைத்தான் கேட்டார். கம்பை வாங்கி, துணியைச் சரிசெய்து, மேலங்கிக்குள் செருகிக்கொண்டார். உள்ளே யாரும் வரவில்லையே என்று என்னிடம் ஒரு முறை கேட்டுக்கொண்டு கொடியை இறக்கினார். மினி பஸ் புகை விட்டுக்கொண்டு நகர்ந்தது.

“யாரு லே கம்ப எடுத்துட்டுப் போனது?” என்றார் மேஸ்திரி.

அந்த நேரத்தில் ஏதாவது பொய் சொல்லியிருக்கலாம். கீழே விழுந்தது, தேடினேன் என்று சொல்லியிருக்கலாம். அந்த அக்காவும் மறுத்திருக்க மாட்டார் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். ஆனால் தோளில் பை தொங்கியது.

“நாந்தான். வேலைய விட்டுட்டுப் போயிட்டேன். கம்பு முதுகுல இருந்தது தெரியல. பாலத்துலேருந்து திரும்பி வாறேன். அவங்க மேல தப்பே இல்ல.”

“போறவன் போக வேண்டியதான? கம்ப எதுக்குக் கொண்டு போற? ஒன்ன நம்பிக் கொடியக் குடுத்தேன் பாரு.” அவர் அந்த அக்காவைப் பார்த்தார். “ஏம்மா, நீங்க ஏன் போன் போடல?”

“கம்பு வரல. நான் விடல. போன் போட்டா மட்டும் கம்பு வந்துருமா?”

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். நாற்காலிக்கார கிளார்க்கும் டீச்சரும் பின்னால் வந்து நின்றிருந்தார்கள். “அந்தம்மா இல்லன்னா இன்னைக்கு இன்னும் நாலு கை முறிஞ்சிருக்கும்,” என்றார் டீச்சர், கட்டுப்போட்ட கையைக் காட்டி. மேஸ்திரி தலையைச் சொறிந்தார். பிறகு கோபம் முழுவதும் என் பக்கம் திரும்பியது. அது நியாயம்தான்.

“நீ கொடி பிடிச்சது போதும். கெளம்பு.”

நான் கிளம்பத்தான் நின்றேன். எனக்கு அது வராத வேலையா? ஆனால் அந்த அக்கா வண்டிகளைப் பார்த்தபடியே, யாரிடமோ சொல்வதுபோல் சொன்னார்:

“குழியில சட்டி தூக்க ஆளு பத்தலன்னு காலையில நீங்கதான சொன்னீய.”

மேஸ்திரி என்னை மேலும் கீழும் பார்த்தார். “காலைல ஏழு மணிக்கு வந்தா வா. வரலைன்னா நான் தேட மாட்டேன்,” என்று சொல்லிவிட்டு பைக்கை எடுத்தார்.

நான் அந்த அக்காவிடம் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவர் கடைசி ஆட்டோவை நிறுத்திக் கம்பைக் கொடுத்துக்கொண்டிருந்தார். “அங்கன இப்ப அண்ணாச்சி நிக்காரு. அவரு கையிலயே குடுத்துரணும், வேற யார்கிட்டயும் குடுக்கக் கூடாது,” என்று ஆட்டோக்காரரிடம் சொன்னார். பிறகு என்னிடம், “நீல நூலு சரியா இருக்கா? கடையில கெடச்சது வெளுத்த நீலந்தான். கட்டி விடும்போது உங்க சட்டைய நான் பாத்ததில்லல்லா,” என்றார்.

சரியாக இல்லை. என் சட்டை கரு நீலம். “சரியா இருக்குக்கா,” என்றேன். அன்று நான் சொன்ன ஒரே பொய் அதுதான்.

சாயங்காலம் குழாய்க்குள் உட்கார்ந்து வெளிச்சம் இருக்கும்போதே சட்டையைத் தைத்தேன். கோணலாக வந்தது. பையைத் தலைக்கு வைத்துப் படுத்தேன். காற்று இந்த வாயிலிருந்து அந்த வாய்க்குப் போய்க்கொண்டிருந்தது. பாபநாசம் பஸ்ஸும் தென்காசி பஸ்ஸும் ஜங்ஷனில் நின்றுகொண்டுதான் இருக்கும். ஏழு மணிக்கு முன்னால் எழுந்து நடந்தால் யாரும் தேடப் போவதில்லை, மேஸ்திரியே சொல்லிவிட்டார். அந்த யோசனையோடுதான் தூங்கினேன்.

அதற்குப் பிறகும் நான் பல ஊர் போயிருக்கிறேன். ஓர் இடத்தில் தங்கிவிடுகிற ஆளாக மாறிவிட்டேன் என்றெல்லாம் சொல்ல மாட்டேன். ஆனால் இப்போது எங்கிருந்து கிளம்பினாலும், கை தானாகக் கழுத்துக்குப் பின்னால் போய் ஒரு முறை தடவிப் பார்க்கிறது. பிறகு, போகிறேன் என்று இருக்கிறவர்களிடம் சொல்லிவிட்டுத்தான் நடக்கிறேன்.

கம்போடு திரும்பி வந்த மறுநாள் காலை ஏழு மணிக்கு மருத மரத்தடியில் குழிக்குள் இறங்கினேன். இரும்புச் சட்டியில் மண்ணை நிரப்பி ஒருவர் தூக்கிவிட்டார். சும்மாடு வைத்து ஏற்றிக்கொண்டேன். கழுத்து நரம்பு புடைத்தது. அந்த அக்கா இதை எத்தனை வருஷம் தூக்கினாரோ என்று நினைத்துக்கொண்டே மேலே ஏறும்போது, கடைத்தெருப் பக்கமிருந்து அன்றைய முதல் கம்போடு பால்காரர் வந்தார். என்னருகே வேகத்தைக் குறைத்து, “அக்கா கேக்காங்க, தச்சாச்சான்னு,” என்றார். தலையில் சட்டி இருந்ததால் திரும்ப முடியவில்லை. தோளை மட்டும் கொஞ்சம் உயர்த்திக் காட்டினேன். கரு நீலத்தில் வெளிர் நீலத் தையல் அவருக்கு நன்றாகவே தெரிந்திருக்கும். எத்தனையோ வேலைகளை விட்டு வந்த எனக்கு, விட்ட இடத்துக்கே திரும்பிப் போய் எடுத்துக்கொண்ட வேலை என்று சொல்ல இன்றுவரை அந்த ஒரு சட்டி மண்தான் இருக்கிறது.